விர்ச்சுவல் மெஷினில் நேம் சர்வரும் வெப் சர்வரும்: வாசகர் கேள்வி – பதில்

டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் (டிஎன்எஸ்) நேம் சர்வர் இரண்டு, தளத்தைக் கொடுக்கும் வெப் சர்வர் ஒன்று. இவற்றை விர்ச்சுவல் மெஷின்களில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினிகளில்) அமைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். டெபியன் 12 லினக்ஸ், அதனுடன் வரும் நேம் சர்வர் மென்பொருள் பைண்ட் 9.18, வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் ஆகியவற்றை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். கட்டளைகளும் ஃபைல் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன; திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு மூன்று லினக்ஸ் மெஷின்கள் உருவாக்கினேன். மூன்றுக்கும் 10.0.2.15 என்ற ஒரே ஐபி வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங் போகவில்லை. எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

தவறு எதுவும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகவே அப்படித்தான் நடந்துகொள்ளும். புதிய மெஷினுக்கு அது கொடுக்கும் முதல் நெட்வொர்க் அடாப்டர் ‘நாட்’ வகை. அந்த வகையில் ஒவ்வொரு மெஷினும் தனக்கென ஒரு தனி ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மூன்று ரவுட்டர்களும் ஒரே முகவரியைக் கொடுக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. இன்டர்நெட்டுக்குப் போக, பேக்கேஜ் இறக்க அது போதும். மெஷின்கள் தங்களுக்குள் பேச அது உதவாது.

மெஷினை நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் இரண்டாவது அடாப்டரை இயக்கி ‘ஹோஸ்ட்-ஒன்லி’ என்று தேர்ந்தெடுங்கள். முதல் அடாப்டர் நாட் ஆகவே இருக்கட்டும். ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் வழக்கமாக 192.168.56.0/24; உங்கள் லேப்டாப்புக்கு அதில் 192.168.56.1 கிடைக்கும். விர்ச்சுவல்பாக்ஸின் டிஹெச்சிபி 101 முதல் 254 வரை உள்ள எண்களைப் பங்கிடும் என்பதால், சர்வர்களுக்கு 100-க்குக் கீழே நிலையான எண் கொடுங்கள். முதல் நேம் சர்வர் 192.168.56.11, இரண்டாவது 192.168.56.12, வெப் சர்வர் 192.168.56.21 என்று வைத்துக்கொள்வோம். டெபியனில் இரண்டாவது அடாப்டரின் பெயர் பெரும்பாலும் ‘இஎன்பி0எஸ்8’ என்று இருக்கும். எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அதற்கு முகவரி மட்டும் எழுதுங்கள், கேட்வே எழுதவே கூடாது. கேட்வே எழுதினால் வெளியே போக வேண்டிய போக்குவரத்து எங்கும் போகாத அந்த நெட்வொர்க்குக்குள் திரும்பிவிடும். ‘ஆப்ட் அப்டேட்’ தொங்கிக்கொண்டே நிற்கும்.

ஒரு மெஷினை நிறுவி அதை இரண்டு முறை க்ளோன் செய்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். க்ளோன் செய்யும்போது எல்லா அடாப்டர்களின் மேக் முகவரியையும் (அடாப்டரின் அடையாள எண்) அப்படியே வைத்திருக்கும் தேர்வை எடுத்திருந்தால், ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் மூன்று மெஷின்கள் ஒரே மேக் முகவரியோடு நிற்கும். பிங் ஒரு நேரம் போகும், ஒரு நேரம் போகாது. உபுண்டுவில் எட்சியில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலும் நகலாகிவிடுவதால், மேக் வேறாக இருந்தும் டிஹெச்சிபி ஒரே ஐபியைக் கொடுக்கும். அந்த ஃபைலை வெறுமையாக்கி ரீபூட் செய்தால் புதிய எண் உருவாகிவிடும்.

ரேம் பற்றிப் பயம் வேண்டாம். டெஸ்க்டாப் இல்லாத டெபியனை 1 ஜிபி கொடுத்து நிறுவுங்கள். பிறகு நேம் சர்வர்கள் இரண்டையும் 512 எம்பிக்கு இறக்கலாம். ஓரிரண்டு ஸோன்களுக்கு (ஒரு டொமைனின் பெயர்ப் பதிவுகள் அடங்கிய தொகுப்பு) அது தாராளம்.

டொமைன் பெயருக்கு ‘டெஸ்ட்’ என்று முடியும் ஒன்றை வையுங்கள். நாம் கீழே ‘கடை.டெஸ்ட்’ (ஆங்கில எழுத்தில் kadai.test) என்று எடுத்துக்கொள்கிறோம். சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட முடிவு அது, இன்டர்நெட்டில் எவருக்கும் விற்கப்படாது. ‘லோக்கல்’ என்று முடித்தால், உள் நெட்வொர்க்கில் பெயர் தேடும் மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸோடு மோதும். ‘டெவ்’ என்று முடித்தால் பிரவுசர்கள் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கவே மறுக்கும்.

முதல் நேம் சர்வரில் புதிய பெயர் சேர்த்தால் அங்கே வருகிறது, இரண்டாவதில் வருவதே இல்லை. ஸோன் ஃபைலை எழுதும் முறையையும் சேர்த்து விளக்க முடியுமா?
– பயிற்சி சிஸ்டம் அட்மின், ஈரோடு

பத்தில் எட்டுத் தடவை காரணம் சீரியல் எண்ணாகத்தான் இருக்கும். ஸோன் ஃபைலின் தலையில் இருக்கும் எஸ்ஓஏ பதிவில் ஐந்து எண்கள் வரிசையாக இருக்கின்றன: சீரியல், ரெஃப்ரெஷ், ரீட்ரை, எக்ஸ்பயர், மினிமம். இரண்டாவது சர்வர் முதலில் பார்ப்பது சீரியலை. தன்னிடம் இருப்பதைவிட அது பெரிதாக இருந்தால்தான் ஸோனை இழுத்துக்கொள்ளும். நீங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு சீரியலை ஏற்ற மறந்தால், முதல் சர்வர் ரீலோட் ஆனதும் புதிய பதிலைச் சொல்லும். இரண்டாவது பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரு முறை தளம் திறக்கும், ஒரு முறை திறக்காது. கண்டுபிடிக்க மிகவும் நேரம் தின்னும் கோளாறு இது.

சீரியலை ஆண்டு, மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது மாற்றம் என்ற வரிசையில் 10 இலக்கமாக எழுதும் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 2025061501, அதே நாளில் அடுத்தது 2025061502. கை தவறி 2052061501 என்று அடித்துவிட்டால்? இனி சரியான தேதியை எழுதினால் எண் சிறிதாகிவிடும், இரண்டாவது சர்வர் ஏற்காது. இரண்டாவது சர்வரும் உங்கள் கையில் இருந்தால் வழி எளிது: முதல் சர்வரில் சீரியலைத் திருத்தி ரீலோட் செய்துவிட்டு, இரண்டாவதில் ‘ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர்’ கொடுத்து ஸோன் பெயரை எழுதுங்கள். சீரியலைப் பாராமலே முழு ஸோனையும் இழுத்துவிடும். அது வேறொருவர் பராமரிப்பில் இருந்தால் எண்ணைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சீரியல் 32 பிட் எண், உச்சத்தைத் தாண்டினால் மறுபடி தொடக்கத்துக்கு வரும். தவறான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டி 4199545148 என்று எழுதி ரீலோட் செய்யுங்கள். எல்லா இரண்டாம்நிலை சர்வர்களும் அதை எடுத்துக்கொண்டதை உறுதி செய்தபின் 2025061502 என்று எழுதினால், அதுவே ‘பெரிய’ எண்ணாகக் கொள்ளப்படும்.

மற்ற நான்கு எண்களுக்கு, சிறிய தளம் என்றால், 3600, 900, 1209600, 300 என்று நொடிக் கணக்கில் வையுங்கள். எக்ஸ்பயரை மட்டும் சிக்கனமாக வைக்காதீர்கள். முதல் சர்வர் செத்துப்போனால் இரண்டாவது எத்தனை நாள் தனியாகப் பதில் சொல்லும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. 1209600 என்பது 14 நாள். அதை ஒரு நாளாகக் குறைத்தால், சனிக்கிழமை பழுதான சர்வரைத் திங்கட்கிழமை பார்ப்பதற்குள் ஸோன் முழுவதும் பதில் இல்லாமல் போய்விடும்.

எழுதும்போது முழுப் பெயரின் கடைசியில் புள்ளி வைக்க வேண்டும். ‘வெப்.கடை.டெஸ்ட்’ என்று புள்ளி இல்லாமல் எழுதினால் பைண்ட் அதைப் பாதிப் பெயராக எடுத்துக்கொண்டு ‘வெப்.கடை.டெஸ்ட்.கடை.டெஸ்ட்’ என்று நீட்டிவிடும். ரீலோட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் ஸோன் ஃபைலைச் சரிபார்க்கும் ‘நேம்ட்-செக்ஸோன்’ ஓட்டுங்கள், ஆனால் புள்ளி விட்டுப்போனதை அது எப்போதும் பிடிக்காது. அப்படி நீண்ட பெயரும் இலக்கணப்படி சரியான பெயரே. என்எஸ் பதிவு (டொமைனின் நேம் சர்வர் எது என்பது) காட்டும் பெயருக்கு ஏ பதிவுதான் (ஐபி முகவரி) இருக்க வேண்டும், சிநேம் (வேறொரு பெயரைக் காட்டும் பதிவு) கூடாது. டொமைனின் தலைப்பெயருக்கும் சிநேம் கூடாது. அங்கே எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, சிநேம் வேறெந்தப் பதிவோடும் ஒட்டி இருக்காது.

சீரியல் சரியாக இருந்தும் வராவிட்டால் இரண்டாவது மெஷினில் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையால் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். ‘பெர்மிஷன் டினைடு’ என்று இருந்தால், ஸோனை எட்சி/பைண்ட் ஃபோல்டருக்குள் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். டெபியனில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு அங்கே எழுத விடாது. வார்/கேஷ்/பைண்ட் ஃபோல்டரைக் காட்டுங்கள். அங்கே வந்திறங்கும் ஃபைலை எடிட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கெட்டுப்போகவில்லை, இரண்டாம்நிலை ஸோனை பைண்ட் பைனரி வடிவில்தான் சேமிக்கிறது. ‘ரெஃப்யூஸ்டு’ என்று இருந்தால் முதல் சர்வரின் ‘அலோ-ட்ரான்ஸ்ஃபர்’ வரியைப் பாருங்கள். இந்த வரியே இல்லாவிட்டால் 9.18 பதிப்பு கேட்பவருக்கெல்லாம் முழு ஸோனையும் கொடுத்துவிடும், ஆகவே கட்டாயம் எழுதுங்கள். ஐபியை எழுதுவதைவிட ‘டிசிக்-கீஜென்’ கொண்டு ஒரு சாவி உருவாக்கி, அதே சாவியை இரு பக்கமும் வைப்பது உறுதியான வழி.

டிக் கட்டளையில் சரியான ஐபி வருகிறது. லேப்டாப் பிரவுசரில் மட்டும் தளம் இல்லை என்கிறது.
– வாசகர், மன்னார்குடி

டிக் கட்டளையில் நீங்கள் 192.168.56.11-ஐக் குறிப்பிட்டுக் கேட்கிறீர்கள். பிரவுசர் கேட்பதோ வீட்டு ரவுட்டரையோ, உங்கள் இணைப்பு நிறுவனத்தின் சர்வரையோ, ‘கடை.டெஸ்ட்’ அவர்களுக்குத் தெரியாது. லேப்டாப்பில் அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் உங்கள் நேம் சர்வரைக் கேட்கச் சொல்லுங்கள். உபுண்டு போன்றவற்றில் ‘ரிசால்வ்சிடிஎல்’ மூலம் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டருக்கு அந்தச் சர்வரையும் டொமைனையும் கொடுக்கலாம். விண்டோஸில் பவர்ஷெல்லில் என்ஆர்பிடி விதி (எந்தப் பெயருக்கு எந்தச் சர்வரைக் கேட்பது என்பது) சேர்க்க வேண்டும். ஆப்பிள் மேக் கணினியில் எட்சி/ரிசால்வர் ஃபோல்டரில் டொமைன் பெயரிலேயே ஒரு ஃபைல் வைத்தால் போதும். அதற்குப் பிறகும் வராவிட்டால் பிரவுசரில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ (பிரவுசர் தானே வேறொரு சர்வரைக் கேட்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். சோதனை முடியும்வரை அணைத்துவையுங்கள்.

பெயரை ஸோனில் சேர்க்கும் முன்பே ஒரு முறை கேட்டுப் பார்த்திருந்தால் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலும் கேஷில் தங்கும். எஸ்ஓஏவின் கடைசி எண் 300 என்று வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதிகபட்சம் 5 நிமிடத்தில் விலகிவிடும்.

ஒரே வெப் சர்வரில் இரண்டு தளங்கள். இரண்டாவது பெயரை அடித்தாலும் முதல் தளமே திறக்கிறது. இன்னொரு ஃபோல்டரைக் காட்டினால் 403 வருகிறது. சான்றிதழும் கிடைக்க மறுக்கிறது.
– ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், யாழ்ப்பாணம்

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். வந்த கோரிக்கையின் பெயர் எந்த ‘சர்வர்_நேம்’ வரியோடும் பொருந்தாவிட்டால், ‘டிஃபால்ட்_சர்வர்’ என்று குறித்த தளத்தை என்ஜின்எக்ஸ் கொடுக்கும். அப்படிக் குறிக்காவிட்டால் முதலில் படித்த ஃபைலில் உள்ள தளம். ஃபைல்கள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. ஆகவே இரண்டாவது தளத்தின் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது சைட்ஸ்-அவைலபிளில் எழுதிவிட்டு சைட்ஸ்-எனேபிள்டில் லிங்க் போடவில்லை, அல்லது ‘என்ஜின்எக்ஸ் -டி’ சரி என்று சொன்னதோடு நிறுத்தி ரீலோட் செய்யவில்லை. டிஎன்எஸ்ஸை நம்பாமல் சோதிக்க ‘கர்ல்’ கட்டளையின் ரிசால்வ் தேர்வைப் பயன்படுத்துங்கள். பெயரையும் ஐபியையும் நீங்களே சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பதால், பழுது வெப் சர்வரிலா நேம் சர்வரிலா என்பது உடனே பிரிந்துவிடும்.

403 (அனுமதி இல்லை) வருவதற்கு, தளத்தின் ஃபைல்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பதே வழக்கமான காரணம். என்ஜின்எக்ஸ் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடுகிறது. கடைசி ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தப் பயனர் நுழைய அனுமதி வேண்டும். 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துத் தீர்க்காதீர்கள். ஃபைல்களை வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டருக்கு மாற்றுங்கள். இன்டெக்ஸ் ஃபைல் இல்லாத ஃபோல்டருக்கும் 403தான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில், ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிலிருந்து உங்கள் பெயரைக் கேட்டு, 80-ஆம் போர்ட்டுக்கு வந்து ஒரு ஃபைலைத் தேடும். ‘டெஸ்ட்’ டொமைனுக்குச் சான்றிதழ் கிடைக்கவே கிடைக்காது. உண்மையான டொமைன் என்றால் ‘ஏஏஏஏ’ பதிவை, அதாவது ஐபிவி6 முகவரியை, முதலில் பாருங்கள். பழைய ஹோஸ்டிங்கின் ஐபிவி6 முகவரி ஸோனில் மிஞ்சியிருந்தால் அவர்கள் அதைத்தான் முதலில் நாடுவார்கள். ஐபிவி4 சரியாக இருந்தும் சோதனை தோற்கும். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ் கேட்டால் 80-ஆம் போர்ட் வேலைக்கு ஆகாது, ஸோனில் டிஎக்ஸ்டி (உரை) பதிவு வைத்து நிரூபிக்க வேண்டும். அப்போது இரண்டாவது நேம் சர்வர் பின்தங்கியிருந்தால் கேள்வி எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்துச் சில முறை வெற்றி, சில முறை தோல்வி. இரு சர்வர்களையும் தனித்தனியாகக் கேட்டு ஒரே பதில் வந்தபின், சான்றிதழ் வாங்கித் தரும் ‘செர்ட்பாட்’டை ஓட்டுங்கள். முயன்று பார்ப்பதை ஸ்டேஜிங் (ஒத்திகைச் சர்வர்) தேர்வில் செய்யுங்கள். உண்மையான சர்வரில் தொடர்ந்து தோற்றால் சிறிது நேரம் கதவை அடைத்துவிடுவார்கள்.

லேபில் ஓடியதை அப்படியே வாடகை க்ளவுட் மெஷினுக்கு ஏற்றினேன். பதிவாளர் தளத்தில் எங்கள் டொமைனுக்குள்ளேயே உள்ள நேம் சர்வர் பெயர்களைக் கொடுத்தால் ஏற்கவில்லை.
– சிறு நிறுவன உரிமையாளர், திருப்பூர்

கடையின் முகவரியை அறியக் கடையின் நேம் சர்வரைக் கேட்க வேண்டும். அந்த நேம் சர்வரின் பெயரோ கடையின் டொமைனுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வட்டத்தை உடைக்க, நேம் சர்வரின் ஐபியை மேல்நிலையில், அதாவது ‘காம்’ அல்லது ‘இன்’ முடிவை நடத்துவோரிடம், பதிந்து வைக்க வேண்டும். இதற்கு க்ளூ பதிவு என்று பெயர். பதிவாளர் தளங்களில் ‘சைல்ட் நேம்சர்வர்’, ‘பிரைவேட் நேம்சர்வர்’, ‘ஹோஸ்ட் ரெக்கார்டு’ என்று ஏதாவதொரு பெயரில் இருக்கும். முதலில் அங்கே இரு பெயர்களையும் ஐபியோடு பதியுங்கள், பிறகு டொமைனுக்கு நேம் சர்வராகக் கொடுங்கள். பின்னாளில் மெஷினின் ஐபி மாறினால் ஸோனை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் பலர். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். க்ளவுட் மெஷின்களுக்கு நிலையான ஐபி வாங்கிக்கொள்வது அதனால்தான் அவசியம்.

ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். டிசிபி பெரிய பதில்களுக்கும் ஸோன் மாற்றத்துக்கும் வேண்டும். யுடிபியை மட்டும் திறந்தால் சாதாரணக் கேள்விகளுக்குப் பதில் வரும். சிக்கல் பல நாள் கழித்துத்தான் தலைகாட்டும். க்ளவுட் நிறுவனத்தின் செட்டிங்ஸில் ஒரு ஃபயர்வால், மெஷினுக்குள் இன்னொன்று என இரண்டு இருக்கக்கூடும்.

லேப் அமைப்பை அப்படியே ஏற்றியதில்தான் பெரிய ஆபத்து. லேபில் வசதிக்காக ‘அலோ-ரிகர்ஷன் எனி’ (எவர் எந்தப் பெயரைக் கேட்டாலும் தேடிச் சொல்) என்று எழுதியிருப்பீர்கள். பொது இன்டர்நெட்டில் அது திறந்த ரிசால்வர். எவரோ ஒருவர் வேறொருவரின் ஐபியைப் போலியாகப் போட்டுச் சிறிய கேள்வி அனுப்ப, உங்கள் மெஷின் பல மடங்கு பெரிய பதிலை அந்த அப்பாவியின் மேல் கொட்டும். ‘ரிகர்ஷன் நோ’ என்று எழுதுங்கள். வெளியிலிருந்து டிக் கட்டளையால் உங்களுடையதல்லாத ஒரு டொமைனைக் கேட்டுப் பாருங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்று வர வேண்டும். உங்கள் டொமைனைக் கேட்டால் பதிலின் கொடிகளில் ‘ஏஏ’ (அதிகாரபூர்வப் பதில் என்ற குறி) இருக்க வேண்டும்.

இரண்டு நேம் சர்வரையும் ஒரே மெஷினில் இரண்டு ஐபி போட்டு வைக்காதீர்கள். இடமும் நெட்வொர்க்கும் வேறாக இருக்க வேண்டும் என்று 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2182 என்ற இன்டர்நெட் வழிகாட்டி ஆவணம் வலியுறுத்துகிறது. இரண்டாவது மெஷினை வேறு நகரத்து டேட்டா சென்டரில் மிகச் சிறிய அளவில் எடுத்தாலே போதும். பழைய நேம் சர்வர்களை மாற்றிய உடனே அணைக்க வேண்டாம். காம் டொமைனில் மேல்நிலைப் பதிவின் ஆயுள் 172800 நொடி, அதாவது 2 நாள். அதுவரை சிலர் பழையதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தமிழிலேயே டொமைன் வாங்கினோம். ஸோன் ஃபைலில் தமிழ் எழுத்தில் எழுதினால் பைண்ட் ஏற்கவில்லை.
– வாசகர், சிங்கப்பூர்

‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என்ற முடிவுகள் இருந்தாலும், டிஎன்எஸ் வழியே போவது ஆங்கில எழுத்துகளாலான ப்யூனிகோட் வடிவம்தான். எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று அது தொடங்கும். ‘ஐடிஎன்2’ கட்டளையில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் அந்த வடிவம் கிடைக்கும். ஸோன் ஃபைல், என்ஜின்எக்ஸின் சர்வர்_நேம், சான்றிதழ் கோரிக்கை ஆகிய மூன்றிலும் அதையே எழுதுங்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒரு துண்டு, ப்யூனிகோட் ஆனபின், 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழில் உயிர்மெய்யின் குறிகள் தனித்தனியாக எண்ணப்படுவதால் நீண்ட பெயர்கள் சீக்கிரம் எல்லையைத் தொடும்; வாங்கும் முன்பே மாற்றிப் பாருங்கள்.

எழுத்து ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஔவை’ என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தால் அடிக்கலாம். பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, ப்யூனிகோடில் முற்றிலும் வேறு இரண்டு பெயர்கள். பெயரில் அந்த எழுத்து இருந்தால் இரண்டு வடிவத்தையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய பிறகு இரண்டு நேம் சர்வரும் ஒத்துப்போவதில்லையே?
– கணினி ஆசிரியர், தென்காசி

முதல் சர்வரை ஸ்னாப்ஷாட்டுக்கு (சேமித்துவைத்த பழைய நிலைக்கு) திருப்பினால் அதன் சீரியலும் பழையதாகிவிடும். இரண்டாவதிடம் பெரிய எண் இருப்பதால் அது அசையாது. திருப்பிய கையோடு சீரியலை இன்றைய தேதிக்கு ஏற்றிவிடுங்கள். டைனமிக் அப்டேட் (ஃபைலைத் திருத்தாமல் கட்டளையால் மாற்றுவது) பயன்படுத்தும் ஸோன் என்றால், அந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் ஃபைலும் உண்டு. கையால் திருத்தும் முன் ‘ஆர்என்டிசி ஃப்ரீஸ்’, முடித்தபின் ‘ஆர்என்டிசி தா’ (thaw) கொடுங்கள். இல்லாவிட்டால் ஜர்னல் பொருந்தவில்லை என்று ஸோன் ஏறாது.

மெஷினை இடைநிறுத்தி எழுப்பினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் கடிகாரம் பின்தங்கும். டிசிக் சாவி இரு பக்க நேரத்துக்கும் இடையே வழக்கமாக 300 நொடி வித்தியாசம்வரைதான் பொறுக்கும். நிகழ்வுப் பதிவில் ‘பேட்டைம்’ என்று கண்டால் சாவியை மாற்றாதீர்கள், இரு மெஷின்களிலும் ‘டேட்’ அடித்துப் பாருங்கள். கடிகாரத்தைச் சரிசெய்யும் ‘க்ரோனி’யை நிறுவி, மெஷின் எழுந்ததும் நேரத்தை உடனே நகர்த்தச் சொல்லும் ‘மேக்ஸ்டெப்’ வரியில் இரண்டாவது எண்ணை -1 என்று வையுங்கள். டெபியன் அதை 3 என்று வைத்திருப்பதால், தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களுக்கு மட்டுமே கடிகாரம் ஒரே தாவலில் சரியாகும். அதற்குப் பிறகு மிக மெதுவாகத்தான் நகரும்.